குட்டிக் கம்ப்யூட்டர் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சந்தையில் மாடு பிடிக்கப் போகும் விவசாயி எடுத்த எடுப்பில் விலை பேசுவதில்லை. பல்லைப் பார்க்கிறார், மடியைத் தொட்டுப் பார்க்கிறார், நடக்க விட்டுப் பார்க்கிறார், எத்தனையாவது ஈற்று என்று கேட்கிறார். அதன் பிறகுதான் துண்டுக்கு அடியில் கை போகிறது. ஆனால், பிள்ளைகளின் படிப்புக்கோ, உழவர் குழுவின் கணக்குக்கோ கம்ப்யூட்டர் வாங்கும்போது பலரும் விலையை மட்டுமே பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். "ரூ.60,000 மதிப்புள்ள கம்ப்யூட்டர் ரூ.8,500-க்கு, இன்று ஒரு நாள் மட்டும்" என்ற விளம்பரம் கைபேசியில் வந்ததும் ஆசை வருவது இயல்பு. இந்த விலை உண்மையில் மலிவுதானா என்பதைக் கண்டறியும் வழி கடினமானதல்ல. ஆயில் எஞ்சினுக்கும் கறவை மாட்டுக்கும் விவசாயிகள் போடும் அதே கணக்குதான் இதற்கும்.

குட்டிக் கம்ப்யூட்டர் என்பது எது?

மேஜைக் கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியைச் சுருக்கி, சாப்பாட்டு டப்பா அளவில் செய்யப்பட்டதே குட்டிக் கம்ப்யூட்டர். ஏறத்தாழ 18 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், மூன்றரை செ.மீ. உயரம் இருக்கும். லெனோவா கம்பெனி 'டைனி' என்றும், டெல் கம்பெனி 'மைக்ரோ' என்றும், எச்.பி. கம்பெனி 'மினி' என்றும் இவ்வகைப் பெட்டிகளை விற்கின்றன. மானிட்டரின் முதுகில் திருகி மாட்டிவிடலாம் என்பதால் இடத்தை அடைக்காது.

சந்தையில் இவை இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்று, பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் உபயோகித்துக் கழித்துவிட்ட பெட்டிகள். இவற்றைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து விற்கிறார்கள். மற்றொன்று, அதிகம் பெயர் தெரியாத கம்பெனிகள் விற்கும் மலிவு விலைப் புதுப் பெட்டிகள். முதல் வகையில் வயதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையில் விற்றவர் பிறகு கிடைப்பாரா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில், தேவை உண்டா?

பட்டா, சிட்டா பார்ப்பதற்கும், 'உழவன்' செயலியில் மானிய விவரம் அறிவதற்கும், பி.எம். கிசான் தவணை வந்ததா என்று பார்ப்பதற்கும், சந்தை விலையும் வானிலையும் தெரிந்துகொள்வதற்கும் கையில் இருக்கும் கைபேசியே போதும். இவற்றுக்காகத் தனியாகக் கம்ப்யூட்டர் வாங்குவது வீண் செலவு.

கம்ப்யூட்டர் தேவைப்படும் இடங்கள் வேறு. உழவர் உற்பத்தியாளர் குழு, பால் சங்கம், சிறு உரக்கடை ஆகியவற்றில் தினசரி வரவு செலவு எழுதவும், ரசீது அச்சிடவும் அது அவசியம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டுரை தட்டச்சு செய்யவும், கணக்கு மென்பொருள் பழகவும் கைபேசியின் சிறு திரை போதாது. வாரத்துக்கு இரண்டு முறை இ-சேவை மையத்துக்குப் போய் முடிக்கக்கூடிய வேலைதான் என்றால், மையத்துக்குக் கொடுக்கும் கட்டணமும் பேருந்துச் செலவும் ஆண்டுக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் ஆண்டுச் செலவை விட அது குறைவாக இருந்தால், வாங்காமல் இருப்பதே இலாபம்.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. புதிதாக வாங்குமுன் அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவது நலம். பழைய சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தைப் பொருத்தினால், மந்தமாக இருந்த மடிக்கணினி தட்டச்சு வேலைக்கு மறுபடியும் உதவக்கூடும்.

பல் பார்ப்பது எப்படி?

மாட்டின் வயதைப் பல் சொல்வது போல, கம்ப்யூட்டரின் வயதை அதன் பிராசஸர் எண் சொல்லிவிடும். பிராசஸர் என்பது கணக்குகளைச் செய்யும் மூளை. பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இன்டெல் கம்பெனியின் ஐ3, ஐ5, ஐ7 வகைகள் இருக்கும். விளம்பரத்தில் "ஐ5" என்று மட்டும் இருந்தால் அதில் பயனில்லை. அதை அடுத்து வரும் எண்ணைக் கேட்க வேண்டும்.

அந்த எண் நான்கு இலக்கமானால் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். 6500 என்றால் 6-வது தலைமுறை. 8500 என்றால் 8-வது தலைமுறை. எண் ஐந்து இலக்கமானால் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 10500 என்றால் 10-வது தலைமுறை. எண்ணின் கடைசியில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை. குட்டிப் பெட்டிகளில் இந்த வகையே அதிகம்.

பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. 4-வது தலைமுறை ஐ7-ஐ விட, 10-வது தலைமுறை ஐ3 சாதாரண வேலைகளுக்கு மேலானது. மலிவு விலைப் புதுப் பெட்டிகளில் வரும் 'என்100' என்ற வகை இந்தக் கணக்கில் சேராது. அது 2023-ல் வந்த, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசஸர். கணக்கு எழுதவும், தட்டச்சு செய்யவும், வீடியோ பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

8-வது தலைமுறை ஏன் எல்லைக்கோடு?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் ஒரு சில விலக்குகள் நீங்கலாக 8-வது தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கப்படுகிறது. ஆகவே அதற்கு முந்தைய பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவை பழைய சாமான் சந்தைக்கு வந்து மலிவாக விற்பனையாகின்றன. விலை குறைந்திருப்பதன் காரணம் இதுதான். வியாபாரியின் தாராள மனமல்ல.

பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கம்ப்யூட்டர், வேலி பிரிந்துபோன தோட்டம் போன்றது. நாளைக்கே ஆடு மேய்ந்துவிடும் என்பதில்லை. ஆனால் மேய வந்தால் தடுக்க ஏதுமில்லை. வங்கிக் கணக்கையும், குழு உறுப்பினர்களின் ஆதார் விவரங்களையும் அதில் வைத்துக் கையாளுவது கூடாது.

விண்டோஸ் 11 போட முடியாத பெட்டியிலும் 'லினக்ஸ்' என்ற இலவச இயக்க மென்பொருளைப் போட்டு ஓட்டலாம். அதில் தமிழில் தட்டச்சு செய்யலாம். கடிதமும் கணக்குப் பட்டியலும் தயாரிக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். வீட்டில் அதைப் பழகிய ஒருவர் இருந்தால் 6-வது தலைமுறைப் பெட்டியும் உதவும். ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. குழு அலுவலகத்துக்கு வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

நினைவகமும் சேமிப்பகமும்

ராம் எனப்படும் நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் விண்டோஸ் 11 ஏறும். ஆனால் வேலை நகராது. 8 ஜி.பி. அவசியம். சேமிப்பகம் சுழலும் தட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி.யாக, 256 ஜி.பி. அளவில் இருப்பது நலம். மிக மலிவான சில புதுப் பெட்டிகளில் 64 ஜி.பி. மட்டுமே இருக்கும். அதில் விண்டோஸ் ஏறிய பிறகு மிஞ்சும் இடம் மிகக் குறைவு.

சில விளம்பரங்களில் விலை வியக்கத்தக்க அளவில் குறைவாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் நினைவகமும் சேமிப்பகமும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். பம்புசெட்டை மோட்டார் இல்லாமல் விற்பது போன்றது இது. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே "ராம் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி இறங்குமுன், உள்ளூர்க் கடையில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டியோடு வராதவை

மடிக்கணினியில் திரை, விசைப்பலகை, கேமரா, மைக், பேட்டரி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். குட்டிப் பெட்டியில் இவற்றில் எதுவும் கிடையாது. மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு என்றால் கேமராவும் வேண்டும். அலுவலகங்களில் கம்பி வழியாகவே இணையம் வந்ததால், அங்கிருந்து வரும் பல பெட்டிகளில் வைபை வசதி இருக்காது. அதற்கும் தனியாக ஒரு சிறு கருவி வாங்கிச் செருக வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாக உபயோகிக்கலாம். ஆனால் பெட்டியின் பின்புறம் உள்ள துளையும் தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையும் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அதற்குரிய மாற்றுக் கேபிள் தேவை.

கிராமத்தில் எல்லாவற்றையும் விட முக்கியம் யு.பி.எஸ். குட்டிப் பெட்டியில் பேட்டரி இல்லாததால் மின்சாரம் போன நொடியிலேயே நின்றுவிடும். சேமிக்காத கணக்கு அழிந்துவிடும். அடிக்கடி இப்படி நின்றால் சேமிப்பகமும் கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு இந்தச் செலவு மிச்சம். எனினும் மின்சாரம் மாறும் நொடியில் பெட்டி அணைந்து போகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு பெட்டிகள் - ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, இரண்டு பெட்டிகளை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். இங்கே உள்ள விலைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

முதல் பெட்டி: 6-வது தலைமுறை. 4 ஜி.பி. நினைவகம், சுழலும் தட்டு. விலை ரூ.8,500. அதற்கு மேலும் நினைவகம் ரூ.4,000, எஸ்.எஸ்.டி. ரூ.3,000. பெட்டிக்கு மட்டும் ஆவது ரூ.15,500.

இரண்டாம் பெட்டி: 8-வது தலைமுறை. 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஓராண்டு உத்தரவாதம். விலை ரூ.17,000. மேற்செலவு இல்லை.

இரண்டுக்கும் பொதுவான செலவு: மானிட்டர் ரூ.6,500, விசைப்பலகையும் மவுஸும் ரூ.800, யு.பி.எஸ். ரூ.3,000, கேபிள் ரூ.400. ஆக ரூ.10,700.

இப்போது கூட்டிப் பார்த்தால், முதல் பெட்டி ரூ.26,200-க்கும், இரண்டாம் பெட்டி ரூ.27,700-க்கும் வேலை செய்யும் நிலைக்கு வருகின்றன. விளம்பரத்தில் பாதி விலையாகத் தெரிந்த பெட்டிக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் ரூ.1,500 மட்டுமே. ரூ.8,500 என்று நம்பிப் போனவர் ரூ.26,200 செலவழித்துவிட்டுத் திரும்புவார்.

அடுத்து ஆயுள். முதல் பெட்டி விண்டோஸில் இன்னும் இரண்டு ஆண்டுகளும், இரண்டாம் பெட்டி நான்கு ஆண்டுகளும் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கான ஆண்டுச் செலவு முதலாவதற்கு ரூ.7,750, இரண்டாவதற்கு ரூ.4,250. அதாவது மலிவுப் பெட்டிதான் ஆண்டுக்கு ரூ.3,500 கூடுதலாக விழுங்குகிறது. லினக்ஸ் போட்டு முதல் பெட்டியையும் நான்கு ஆண்டுகள் ஓட்ட முடிந்தால் அதன் ஆண்டுச் செலவு ரூ.3,875 ஆகக் குறைந்து, அதுவே சற்று மலிவாகிவிடும். இதிலிருந்து ஒன்று விளங்கும். பெட்டி மலிவா, விலை அதிகமா என்பதை முடிவு செய்வது வாங்குகிறவரின் வேலையும், அது உழைக்கும் ஆண்டுகளும்தான்.

மொத்தத் தொகையை ஒரு மடிக்கணினியின் விலையோடும் ஒப்பிட வேண்டும். விடுதிக்கும் வீட்டுக்கும் போய்வரும் மாணவருக்கு மடிக்கணினியே ஏற்றது. ஒரே மேஜையில் நிலையாக இருந்து, நாள் முழுதும் ஓட வேண்டிய குழு அலுவலகத்துக்குக் குட்டிப் பெட்டி ஏற்றது. மானிட்டரும் இன்வெர்ட்டரும் ஏற்கெனவே உள்ள வீட்டுக்கும் அதுவே சிக்கனம்.

மின்சாரச் செலவு

குட்டிப் பெட்டியின் உண்மையான இலாபம் இங்கே இருக்கிறது. சாதாரண வேலையின்போது பெட்டிக்கு 30 வாட், மானிட்டருக்கு 20 வாட் என்று கொண்டால், தினம் 6 மணி நேரத்துக்கு 0.3 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட். பழைய பெரிய பெட்டி 100 வாட் இழுத்தால், மானிட்டரையும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட் ஆகும். இரண்டு மாதப் பில்லில் 25 யூனிட் மிச்சமாகும். யு.பி.எஸ்.ஸும் இன்வெர்ட்டரும் கூடுதல் நேரம் தாங்கும்.

கடையில் சோதிக்க வேண்டியவை

பெட்டியை அரை மணி நேரமாவது ஓட விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

1. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியில் பிராசஸர் எண்ணும் நினைவக அளவும் தெரியும். விளம்பரத்தில் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும்.

2. செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பகுதியைத் திறந்து, விண்டோஸ் முறையான உரிமத்துடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள், சேமிப்பகத்தின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சொல்லும்.

4. பெட்டியை அணைத்து, மின்கம்பியை உருவி, மறுபடி போட வேண்டும். தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால் உள்ளே உள்ள நாணய வடிவ செல் தீர்ந்துவிட்டது என்று பொருள். இது சிறு செலவுதான். ஆனால் பயாஸ் பகுதிக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்டாலோ, வேறு அலுவலகத்தின் பெயர் காட்டினாலோ அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. பழைய உரிமையாளரின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை.

5. வீடியோ ஒன்றை ஓட விட்டு, விசிறி கரகரக்கிறதா, பெட்டி கைபொறுக்காத அளவு சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாத் துளைகளிலும் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும்.

6. அடாப்டர் அந்தப் பெட்டிக்குரியதா என்று கேட்க வேண்டும். சில கம்பெனிப் பெட்டிகள் வேறு அடாப்டரைப் போட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

பில்லும் உத்தரவாதமும்

சென்னை ரிட்சி தெருவில் வாங்கினாலும், பக்கத்து டவுனில் வாங்கினாலும், பெட்டியின் வரிசை எண் எழுதிய பில் கட்டாயம் வேண்டும். உத்தரவாதம் எத்தனை மாதம், அது எதற்கெல்லாம் பொருந்தும், பழுதானால் பெட்டியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பவற்றைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நலம். 200 கி.மீ. தள்ளியுள்ள கடையின் ஓராண்டு உத்தரவாதத்தை விட, பக்கத்து ஊர்க் கடைக்காரரின் ஆறு மாத உத்தரவாதம் மேல்.

பொருளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களை நம்பக் கூடாது. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

தவணையில் வாங்குவோர் 'வட்டியில்லை' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், பரிசீலனைக் கட்டணம் உண்டா, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் போகிறதா என்று கேட்க வேண்டும். பயிர்க்கடனாக வந்த பணத்தை இதில் போடுவது விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம்.

பராமரிப்பு

இந்தப் பெட்டியின் உள்ளே சிறு விசிறி ஒன்று காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். களத்துத் தூசியும், தவிட்டுத் தூளும், அடுப்புப் புகையும் அதற்குப் பகை. தானிய மூட்டை அடுக்கிய அறையிலோ, மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மின்கம்பியை உருவிவிட்டு, மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசி தட்ட வேண்டும். கையடக்கமான பெட்டி என்பதால் எளிதில் திருட்டுப் போகக்கூடும். பெட்டியில் உள்ள பூட்டுத் துளையில் கம்பிப் பூட்டு போடுவது பாதுகாப்பு. கணக்குகளை வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது மிக அவசியம். பெட்டி போனால் வேறு வாங்கலாம். மூன்று வருடக் கணக்கு போனால் திரும்ப வராது.

சுருக்கமாகச் சொன்னால், 8-வது தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் அல்லது புதிய என்100, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., அருகில் உத்தரவாதம் ஆகிய நான்கும் சேர்ந்த பெட்டிக்குத்தான் விலை பேச வேண்டும். பேசுமுன், மொத்தச் செலவைக் கூட்டி, உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். "இன்றே கடைசி" என்று அவசரப்படுத்தும் வியாபாரியிடம் ஒரு நாள் தவணை கேட்பதில் தவறில்லை. அலுவலகங்கள் கழிக்கும் பெட்டிகள் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். சந்தையில் மனதுக்குப் பிடித்த மாடு அமையாத நாளில் விவசாயிகள் செய்வதும் அதுதான்.